நாடகக்காரர் சொல்லாத வரி

காலை ஆறு மணிக்கு லைன் ஓடத் தொடங்கும். அதற்கு ஐந்து நிமிடம் முன்பே மூன்றாம் லைனின் இருபத்திரண்டு பெண்களும் வெள்ளைப் பலகைக்கு முன்னால் வந்து நின்றுவிட வேண்டும். நேற்று எத்தனை ஹார்னஸ் போயின, எத்தனை திரும்பி வந்தன, யாருக்கு விரலில் அடி என்று லைன் லீடர் சத்யப்பிரியா படிப்பாள். பிறகு எல்லோரும் கையை நீட்டிப் பாதுகாப்பு உறுதிமொழி சொல்வார்கள். கடைசியாக, பலகையின் வலது மூலையில் எழுதியிருக்கும் 'இன்றைய சிந்தனை'யை ஒருத்தி உரக்க வாசிக்க வேண்டும். ஒரகடம் தொழிற்பேட்டையில் எந்தக் கம்பெனிக்குள் போனாலும் இந்த ஐந்து நிமிடத்துக்குத் தப்ப முடியாது.

ஹார்னஸ் என்பது பெரிய சங்கதி ஒன்றுமில்லை. ஒரு காரின் உடம்புக்குள் ஓடும் அத்தனை வயர்களையும் சேர்த்துக் கட்டிய கட்டு.

அந்த வலது மூலை முத்துச்செல்வியின் கைக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டுக் காண்ட்ராக்டில் வந்து சேர்ந்தவள். மூன்றாம் லைனில் தரம் பார்ப்பது அவள் வேலை. அவள் கைக்கு வருவதற்கு முன் அந்த மூலையில் 'நேரம் பொன் போன்றது' என்று யாரோ எழுதியது மூன்று மாதம் அழியாமல் கிடந்தது.

"நீ இங்கிலீஷு படிச்சவதானே? தெனம் ஒண்ணு புச்சா எழுது, பாக்கலாம்," என்றாள் சத்யப்பிரியா. ஸ்ரீபெரும்புதூர்க்காரி. எதையும் சவால் மாதிரித்தான் சொல்வாள்.

முத்துச்செல்வி ஊருக்குப் போனபோது பரணிலிருந்து தன் இரண்டாம் வருட நோட்டை எடுத்து வந்தாள். செத்து நானூறு வருடம் ஆன அந்த ஆங்கில நாடகாசிரியரின் வரிகள் அதில் இருந்தன. பரீட்சையில் ஒரு வரியைக் கொடுத்து, யார் சொன்னது, யாரிடம் சொன்னது, எந்தச் சமயத்தில் சொன்னது என்று கேட்பார்கள். மூன்றையும் எழுதினால் ஐந்து மதிப்பெண். அப்படி மனப்பாடம் செய்த நாற்பத்தொரு வரிகள். பொறாமையைப் பற்றி, தூக்கம் போன ராஜாவைப் பற்றி, பெற்ற பிள்ளையின் நன்றி கெட்டதனத்தைப் பற்றி. ஒவ்வொன்றையும் தமிழில் மாற்றிப் பலகையில் எழுதி, கீழே அவர் பெயரையும் போட்டாள். அந்தப் பெயர் பலருக்கு வாயில் நுழையவில்லை. இரண்டே நாளில் அவர் லைனில் 'நாடகக்காரர்' ஆகிவிட்டார்.

"உன் நாடகக்காரரு இன்னிக்கு யாரைத் திட்றாரு?" என்று கேட்டுக்கொண்டுதான் கிளியம்மாள் துடைப்பத்தோடு வருவாள். ஹவுஸ்கீப்பிங் வேலை. ஷிஃப்ட் முடிந்ததும் பலகையைத் துடைப்பது அவள் கணக்கில் உண்டு. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பொறுமை அவளுக்கு இல்லை. முத்துச்செல்வி வாசித்துக் காட்டினால் கேட்டுக்கொள்வாள்.

நன்றி கெட்ட பிள்ளையைப் பற்றிய வரியைக் கேட்ட அன்று கிளியம்மாள் துணியைக் கீழே போட்டுவிட்டாள்.

"இந்தாம்மே, மெய்யாலுமே வெள்ளக்காரனா இவன்? எங்க தெருவுல குந்திகினு என் வூட்டைப் பாத்து எழுதுன மாதிரி கீது."

முத்துச்செல்வி அதை நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தாள். ஐந்து மதிப்பெண்ணுக்காகப் படித்தபோது அவளுக்கு அப்படி ஒருநாளும் தோன்றியதில்லை. கடல் தாண்டி, நானூறு வருடம் தாண்டி, இரும்புக்கூரைக்குக் கீழே துடைப்பத்தோடு நிற்கும் ஒருத்தியின் வீட்டுக்குள் ஒரு வரி நுழைந்துவிடுகிறது. அந்த மனிதர் ஒருநாளும் தன் வாயால் எதையும் சொல்லவில்லை என்பதும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ராஜா வாயால் சொன்னார், கோமாளி வாயால் சொன்னார், கொலைகாரன் வாயாலும் சொன்னார். இது நான் என்று அவர் கையைத் தூக்கிய இடம் ஒன்றுகூட அந்த நோட்டில் இல்லை.

ஜூலை மாதம் காவேரியின் விஷயம் நடந்தது.

காவேரி லைனின் பதினாலாவது ஸ்டேஷனில், அதாவது பதினாலாவது வேலை மேஜையில், நிற்பவள். வாலாஜாபாத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து போனாள். ஒவ்வொரு ஹார்னஸிலும் வெள்ளை கிளிப்பை மாட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்து, பக்கத்தில் தொங்கும் தாளில் ஒரு டிக் போட வேண்டும். எல்லோரும் இரண்டு காலையும் ஊன்றி நிற்பார்கள். அவள் மட்டும் இடது குதிகாலை மேஜையின் கீழ்க்கம்பியில் வைத்துக்கொண்டு, குளத்தில் நிற்கும் கொக்கைப்போல நிற்பாள். சாப்பாட்டு நேரத்தில் முத்துச்செல்வியின் டப்பாவிலிருந்து கேட்காமல் எடுப்பாள். "உங்க ஊர்ல கொழம்புல புளியைக் கரைக்கிறீங்களா, புளியில கொழம்பைக் கரைக்கிறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே பாதியைக் காலி செய்வாள்.

அன்று காலை பத்து மணிக்கு முத்துச்செல்வி தாள்களைச் சரிபார்த்துக்கொண்டு வந்தாள். பதினாலாவது ஸ்டேஷன் தாளில் நூற்றிருபது டிக் இருந்தது. லைனில் அதுவரை போயிருந்தது தொண்ணூற்றாறு ஹார்னஸ்.

"என்னட்டி இது? இன்னும் வராததுக்கெல்லாம் டிக் போட்டு வச்சிருக்க?"

"லைன் ஸ்பீடை ஏத்திட்டான். டிக் போட்டுகினு இருந்தா கை நிக்கிது. ஆனா ஒண்ணொண்ணா இழுத்துத்தான் பாக்கறேன். வேணும்னா நீயே பாரு. இந்தத் தாளை யாரு பாக்கப் போறா?"

முத்துச்செல்வி பார்த்தாள். காலையிலிருந்து போன தொண்ணூற்றாறையும் பிறகு பிரித்துச் சோதித்தார்கள். ஒன்றில்கூடக் குறை இல்லை. ஆனால் தரம் பார்க்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அது: பார்க்காமல் போட்ட டிக் பொய், பொருள் நன்றாக இருந்தாலும் பொய்தான். அவள் படிவத்தில் எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். ஒரு எச்சரிக்கையோடு முடியும் என்றுதான் நினைத்தாள்.

மறுநாள் காலை காவேரியின் கார்டுக்கு வாசல் திறக்கவில்லை. காண்ட்ராக்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் வந்து அவளை ஓரமாக அழைத்துப் போனான். பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக முத்துச்செல்வியையும் பார்த்தார்கள். யாராவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பலகைக்கு முன்னால் மார்க்கரோடு நின்றபோது நோட்டிலிருந்த நாற்பத்தொரு வரியும் பலமுறை சுற்றி முடிந்திருந்தன. பதினாலாவது ஸ்டேஷனில் ஒரு புதுப்பெண் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள். முத்துச்செல்வி எழுதினாள்:

'ஒருவர் நின்ற இடத்தில் இன்னொருவர் நிற்கலாம். அவர் நின்ற மாதிரி நிற்க முடியாது.'

எழுதிவிட்டுத் திரும்பியபோது இருபத்தொரு பேரும் வந்து நின்றிருந்தார்கள். நேற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவள் இன்று இதை எழுதுகிறாள் என்றால் என்ன நினைப்பார்கள்? முகத்தில் துப்ப மாட்டார்கள், துப்பத் தோன்றும். அவள் மறுபடி பலகைப் பக்கம் திரும்பி, வழக்கம்போல, வரிக்குக் கீழே நாடகக்காரரின் பெயரை எழுதினாள்.

அன்றைக்கு வாசிக்க வேண்டிய பெண் வாசித்தாள். வாசித்து முடித்தும் யாரும் கலையவில்லை. ஒலிபெருக்கியில் மணி அடித்த பிறகுதான் நகர்ந்தார்கள். ஷிஃப்ட் முடிந்ததும் கிளியம்மாள் வரியைக் கேட்டுவிட்டு, மூலையை மட்டும் துடைக்காமல் போனாள்.

"இது இருக்கட்டும். நாளிக்குத் தொடச்சிக்கலாம்," என்றாள். மறுநாளும் துடைக்கவில்லை.

உள்ளே போன் கொண்டுபோக முடியாது. பெண்கள் மனத்தில் ஏற்றிக்கொண்டு வெளியே வந்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். இரண்டாம் லைனுக்குப் போயிற்று. பக்கத்துக் கம்பெனிக்கும் போயிற்று. காண்ட்ராக்ட் முடிந்து போகிறவர்களுக்குப் போட்டோ சட்டம் போட்டுக் கொடுப்பது இங்கே வழக்கம். ஆகஸ்டில் ஒருத்திக்குக் கொடுத்த சட்டத்தில் அந்த வரியும் கீழே அவர் பெயரும் தங்க எழுத்தில் இருந்தன. படப்பையில் பிரிண்ட் போடும் கடைக்காரர் அதை நிரந்தர மாதிரியாகவே வைத்துக்கொண்டுவிட்டாராம். நாடகக்காரர் சொல்லிவிட்டால் யார் மறுப்பது? நானூறு வருடமாக யார் யாரோ தங்கள் மனத்தில் இருப்பதை அவர் தலையில் சுமத்தியிருப்பார்கள். அவரும் சுமந்துகொண்டுதான் இருக்கிறார். அப்படி நினைத்து முத்துச்செல்வி கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்தாள்.

அக்டோபர் கடைசியில், ஒரு சனிக்கிழமை, பயிற்சிப் பிரிவு அதிகாரி மதிவதனி அவளைக் கூப்பிட்டாள்.

"ரெண்டு நல்ல விஷயம். நவம்பர் தர மாதம். கேன்டீன் சுவர்ல ஒரு வரி பெயின்ட் பண்ணப் போறோம். எல்லா லைன்லயும் ஓட்டுக் கேட்டோம். உன் போர்டுல இருந்த வரிதான் ஜெயிச்சிருக்கு. ஒவ்வொரு தொழிலாளியோட திறமையும் தனின்னு எவ்வளவு அழகா சொல்லியிருக்கார்! மேனேஜருக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

முத்துச்செல்வி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாவது, ட்ரெயினிங்ல ஒரு பர்மனென்ட் போஸ்ட் வருது. தமிழ்ல பாடம் எழுதணும். உன் பேரைத்தான் எழுதியிருக்கேன். மார்ச்சோட உன் காண்ட்ராக்ட் முடியுது இல்லையா? அதுக்குள்ள வந்துடும்."

வாடகை அறையிலிருந்து பஸ், பஸ்ஸிலிருந்து லைன் என்று மூன்று வருடம் ஓடியதெல்லாம் இந்த ஒரு வார்த்தைக்காகத்தான். வீட்டில் அம்மா வாரம் தவறாமல் கேட்கும் வார்த்தை. முத்துச்செல்வி நன்றி சொல்ல வாயைத் திறந்தாள். மதிவதனி ஒரு தாளை நகர்த்தினாள்.

"வெளிநாட்டுக் கஸ்டமர்ஸ் வருவாங்க. அதனால சுவர்ல இங்கிலீஷும் வேணும். மூல வரி, எந்த நாடகம், யார் பேசறது. திங்கக்கிழமை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. நெட்ல நானும் தேடினேன், சிக்கல."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க முத்துச்செல்வி படப்பையில் தன் அறையில் இருந்தாள். அறைத்தோழி தாம்பரத்துக்குத் துணி எடுக்கப் போய்விட்டாள். ஜன்னலுக்கு வெளியே மனை விற்பனைக் கொடிகள் காற்றில் படபடத்தன. தெருமுனையில் ஷேர் ஆட்டோக்காரன் ஆள் சேரக் காத்திருந்தான். மத்தியானம் அவள் அந்தத் தமிழ் வரியைப் பழைய ஆங்கிலத்தில், அவர் நடையில், மாற்றி எழுதிப் பார்த்தாள். நாற்பத்தொரு வரிகளை மென்று மென்று ஊறிப்போன நாக்கு. வரி சரியாகவே விழுந்தது. எந்த ராஜா எந்தப் போர்க்களத்தில் சொல்வான் என்றுகூடத் தோன்றிவிட்டது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

தாளை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். வெயில் சுவரிலிருந்து தரைக்கு இறங்கி, தரையிலிருந்து வாசலுக்குப் போயிற்று. அவர் தன் வார்த்தையை அடுத்தவர் வாயில் வைத்தார். அது நாடகம். மேடையில் நிற்பவன் ராஜா அல்ல என்று பார்க்கிறவனுக்குத் தெரியும். அவளோ தன் வார்த்தையை அவர் வாயில் வைத்தாள். பார்த்தவர்களுக்கு அது தெரியாது.

திங்கட்கிழமை காலை மூன்றாம் லைன் பலகைக்குப் பக்கத்துத் தூணில் ஒரு பிளெக்ஸ் தொங்கியது. சுவரில் எழுதுமுன் மாதிரிக்காக அடித்தது. அந்த வரி; கீழே பெரிய எழுத்தில் அவர் பெயர். பயிற்சிப் பிரிவிலிருந்து மதிவதனி வந்திருந்தாள்.

"எழுதிட்டியா?"

முத்துச்செல்வி வெறும் தாளை நீட்டினாள்.

"எந்த நாடகம்னு ஞாபகம் இல்லையா? பரவாயில்ல, பேர் மட்டும் போதும். கையெழுத்தை மட்டும் போடு. யாரு பார்க்கப் போறா?"

முத்துச்செல்வி நிமிர்ந்தாள். இதே வார்த்தைதான். பதினாலாவது ஸ்டேஷனில், கொக்கைப்போல நின்றுகொண்டு, இதே வார்த்தையைத்தான் காவேரி சொன்னாள்.

"மேடம், ஒரு நிமிஷம். மீட்டிங் முடிஞ்சிரட்டும்."

சத்யப்பிரியா எண்களைப் படித்தாள். உறுதிமொழி முடிந்தது. "இன்னிக்குச் சிந்தனை தூண்லயே தொங்குது. யாரு படிக்கிறது?" என்றாள்.

"நான் படிக்கேன்க்கா," என்று முத்துச்செல்வி முன்னால் வந்தாள். படிக்கவில்லை. தாள்களில் எழுதும் கறுப்பு மார்க்கரை எடுத்தாள். தப்பாக எழுதிவிட்டால் அதைத் திருத்துவதற்கு ஒரு முறை உண்டு. வெள்ளை மை பூசக் கூடாது, கிறுக்கி மறைக்கக் கூடாது. தவறின் மேல் ஒரே கோடு. கீழே இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி இட வேண்டும். புதிதாக வரும் ஒவ்வொருத்திக்கும் இதை அவள்தான் சொல்லிக்கொடுப்பாள்.

நாடகக்காரரின் பெயர்மேல் ஒரே கோடு இழுத்தாள். பக்கத்தில் 'முத்துச்செல்வி' என்று எழுதினாள். கையெழுத்து. தேதி.

"இது அவர் சொன்னது இல்ல. நான் எழுதினது. காவேரியைப் பத்தி, அவ போன அன்னைக்கு. என் பேர் போட எனக்குத் தைரியம் இல்ல. உங்க மூஞ்சியைப் பாத்துப் பயந்துட்டேன். அவ பாக்காம டிக் போட்டான்னு நான்தான் எழுதிக் குடுத்தேன். நானும் அவர் சொல்லாததுக்கு அவர் பேரைப் போட்டேன். ரெண்டும் ஒண்ணுதான்."

கன்வேயர் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. மேலே காற்றாடிகள் மட்டும் சுற்றின.

சத்யப்பிரியா பிளெக்ஸைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள்.

"அடிப்பாவி. எங்க எல்லார் ஸ்டேட்டஸ்லயும் பொய்யா?" என்றாள். பிறகு கொஞ்சம் கழித்து, "எனக்கு அப்பவே ஒரு டவுட்டு. அந்த ஆளுக்குக் காவேரியை எப்படித் தெரியும்னு," என்றாள்.

யாரோ ஒருத்தி சிரித்தாள். பின்வரிசையில் ஒருத்தி சிரிக்கவில்லை. முத்துச்செல்வி இரண்டையும் கேட்டுக்கொண்டாள். மணி அடித்தது.

மதிவதனி அவளைத் தனியாக அழைத்துப் போனாள். கோபத்தைவிடக் களைப்புதான் அவள் முகத்தில் தெரிந்தது.

"என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம். வேற வரி போட்டிருப்போம். இப்ப எல்லார் முன்னாலயும் நீயே பொய்ப் பேர் போட்டேன்னு சொல்லிட்ட. பர்மனென்ட் ஃபைல்ல நான் என்ன எழுதறது?"

"நடந்ததை எழுதுங்க மேடம்."

"போஸ்ட் போயிடும்."

"தெரியும்."

மதிவதனி வெறும் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். "நல்ல வரி," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டரை மணிக்கு ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறியதும் முத்துச்செல்வி போனில் காவேரியின் பெயரைத் தேடினாள். மூன்று மாதமாக அந்தப் பெயரைத் தொடவில்லை. அந்த வரியை அடித்தாள். அதற்குக் கீழே, பரீட்சைத் தாளில் எழுதுவதுபோல எழுதினாள்:

'யார் சொன்னது: முத்துச்செல்வி. யாரிடம்: காவேரியிடம். எந்தச் சமயத்தில்: உனக்கு வாசல் திறக்காத அன்னைக்கு. வேற ஒருத்தர் பேரைப் போட்டு மூணு மாசம் ஒளிஞ்சிருந்தேன்.'

அனுப்பினாள். இரண்டு டிக்கும் நீலமாயின. பதில் இல்லை. செவ்வாயும் இல்லை, புதனும் இல்லை.

வியாழக்கிழமை ஃபைல் திரும்பி வந்தது. பயிற்சிப் பிரிவு வேலை ஐந்தாம் லைன் பெண் ஒருத்திக்குப் போயிற்று. கேன்டீன் சுவரில் ஓட்டில் இரண்டாவதாக வந்த வரியை எழுதத் தொடங்கினார்கள். அது உண்மையாகவே அவருடையது. யார், யாரிடம், எப்போது என்று முத்துச்செல்விதான் எழுதிக்கொடுத்தாள். பிளெக்ஸைக் கழற்றச் சொன்னார்கள். கிளியம்மாள் கழற்றிச் சுருட்டிக்கொண்டு போனாள். எங்கே என்று கேட்டதற்கு, "என் வூட்டுல மழைக்கு ஒழுகுது. மேல போட்டுக்கறேன். எழுத்து உள்பக்கம் பாத்த மாதிரி," என்றாள்.

முத்துச்செல்வி அம்மாவிடம் போனில் மார்ச் வரை வேலை இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை, பஸ் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது.

'காஞ்சிபுரத்துல துணிக்கடையில கீறேன். நாள் பூரா நிக்கணும். இங்க கம்பி இல்ல, கால் வெக்க.'

அடுத்தது வந்தது.

'ஆகஸ்ட்லருந்து அதை என் ப்ரொஃபைல்ல போட்டு வெச்சிகினு கீறேன். யாரோ அனுப்பிச்சாங்க. வெள்ளக்காரன் எனக்காகவே எழுதுனான்னு நெனச்சி அழுதேன்டி.'

முத்துச்செல்வி அவள் ப்ரொஃபைலைத் திறந்தாள். வரி இருந்தது. கீழே நாடகக்காரர் பெயர் எடுக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தில் யார் பெயரும் இல்லை.

அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரகடம் ரவுண்டானாவில் பஸ் நின்றது, மறுபடி கிளம்பியது. மூன்றாவதாக ஒன்று வந்தது.

'பதினாலுல இப்ப யாரு?'

'புதுசா ஒரு பொண்ணு,' என்று அடித்தாள். கொஞ்சம் யோசித்து, 'ரெண்டு காலையும் ஊனி நிக்கா,' என்று சேர்த்து அனுப்பினாள்.